ஒரு அங்குல மஞ்சள் ஒயர்

சுண்டைக்குளம் வடக்குத் தெரு முக்கில், பேட்டரியே இல்லாத ஒரு வெள்ளைக் கார் நாற்பத்தோரு நாள் தெரு முழுக்கக் கரண்டு கொடுத்தது. நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் நேரே போய் ராசக்கனியக்காவிடம் கேட்டுக்கொள்ளலாம், அந்தக் கரண்டில் மாவாட்டி அந்த மாவில் இட்லி அவித்து விற்றவள் அவள், இட்லி விஷயத்தில் பொய் சொல்ல மாட்டாள். கரண்டு வந்தது எல்லாருக்கும் தெரியும். எதனால் வந்தது என்பது வடிவு ஒருத்திக்குத்தான் தெரியும், அவளும் நாற்பத்தோரு நாள் வாயைத் திறக்கவில்லை.

வடிவுக்குப் பதினேழு வயது. பிளஸ் ஒன் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள். ஏன் விட்டாய் என்று கேட்டால் பிடிக்கவில்லை என்பாள், அதற்கு மேல் அதில் கதை ஒன்றும் கிடையாது. அப்பா அம்மா இல்லை. அண்ணன் முப்பிடாதி இருந்தான், அண்ணனிடம் ஒரு கார் இருந்தது, கார் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் இருந்தது. ஊருக்கு அதுதான் அறிவிப்புக் கார். தண்ணீர் வராத நாள், ரேஷனில் அரிசி வந்த நாள், கோயில் வரி, காணாமல் போன ஆடு, செத்துப்போனவர்கள் எல்லாமே அந்தக் குழாய் வழியாகத்தான் ஏழு தெருவுக்கும் போய்ச் சேரும். அண்ணன் ஓட்டுவான், பக்கத்து சீட்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டு சங்கரபாண்டி அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். ஐம்பத்திரண்டு வயது. வெண்கலப் பானையில் கரண்டியால் தட்டின மாதிரி குரல்.

அண்ணாச்சிக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஒரு தடவை, அடக்கம் மூன்று மணிக்கு என்பதை நான்கு மணி என்று சொல்லிவிட்டார். ஏழாவது தெருவில்தான் தெரிந்தது. முப்பிடாதி, இந்தத் தெருவில் மட்டும் சரியாகச் சொல்லிவிட்டுப் போவோம் என்றான். அண்ணாச்சி விடவில்லை. வண்டியை முதல் தெரு முதல் முக்குக்குத் திருப்பச் சொல்லி, அங்கேயிருந்து "திருத்தம், திருத்தம்" என்று ஏழு தெருவும் திரும்ப வந்தார். "பாதியில இருந்து திருத்துனா பாதி ஊருக்குத் தப்புதாம்லே மிஞ்சும்," என்றார். அன்றையிலிருந்து அது அந்தக் காரின் சட்டம்.

பங்குனி மாதம் காரில் இருந்த பழைய ஆம்ப்ளிஃபயர் புகைந்து போனது. வீட்டில் மச்சு மேல் ஒரு பாட்டு செட் தூசி பிடித்துக் கிடந்தது, வடிவு அதைப் பிரித்து உள்ளே இருந்த ஆம்ப்ளி போர்டை எடுத்தாள். நல்ல போர்டு. ஆனால் அது வீட்டுக் கரண்டுக்குப் பழகினது. அதற்கு மேலே ஒரு முப்பத்தைந்து வோல்ட், கீழே ஒரு முப்பத்தைந்து வோல்ட், நடுவில் சைபர் என்று இரண்டு பக்கமும் கரண்டு வேண்டும். காரிலோ இருப்பது பன்னிரண்டு, அதுவும் ஒரே பக்கம். கஞ்சி குடிக்கிற வீட்டில் பிரியாணி கேட்கிற மாப்பிள்ளை மாதிரி. வடிவு போனில் ஒரு வாரம் வீடியோ பார்த்தாள், பன்னிரண்டை இரட்டை முப்பத்தைந்தாக ஆக்குகிற கன்வெர்ட்டர் போர்டு ஒன்றைத் தபாலில் வரவழைத்தாள், இரண்டையும் முன்சீட்டுக்கு அடியில் பலகை அடித்து முடுக்கினாள். மைக்கைப் போட்டதும் ஏழு தெரு நாயும் குரைத்தது.

"ஏட்டி, இஞ்சினியராயிட்டியா?" என்றான் முப்பிடாதி.

"எங் கொரல எனக்கே அடையாளம் தெரியல மக்ளே," என்றார் அண்ணாச்சி. "யாரோ பெரிய மனுசன் பேசுத மாதில்லா இருக்கு."

அவருடைய பெண்சாதி பகவதி மதில் மேலிருந்து எட்டிப் பார்த்து, "பெரிய மனுசன் வீட்டுக்கு ரேசன் வாங்கிட்டு வந்தாச் சரி," என்றாள்.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். கன்வெர்ட்டரில் மூன்றாவதாக ஒரு திருகு உண்டு. அதற்குச் சாவி லைனிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் வர வேண்டும். சாவியைத் திருப்பினால் போர்டு முழிக்கும், நீல லைட் எரியும். சாவியை எடுத்தால் தூங்கிவிடும். செய்முறைத் தாளில் படம் போட்டே காட்டியிருந்தார்கள், வடிவும் அப்படித்தான் மாட்டியிருந்தாள். ஆனால் சாவி எந்நேரமும் அண்ணன் இடுப்பில் இருக்கும், மத்தியானம் அவன் தூங்குவான், அந்த நேரத்தில் வடிவுக்குக் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்க வேண்டும். அதனால் அவள் ஒரு அங்குல மஞ்சள் ஒயரை வெட்டி, மூன்றாவது திருகையும் பேட்டரியிலிருந்து வருகிற திருகையும் ஒன்றாக இணைத்துவிட்டாள். இனி சாவி வேண்டாம். எப்போதும் முழித்தே இருக்கும். பாட்டுக் கேட்டு முடிந்ததும் அந்த ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

ஒரு நாள் சாயந்தரம் அண்ணன் சீக்கிரம் எழுந்து வந்துவிட்டான். வடிவு சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஓடினாள். ஒயரைப் பிடுங்கவில்லை. மறந்தேன் என்று சொல்லலாம், ஆனால் முழுக்க மறக்கவும் இல்லை, சாப்பிடும்போது ஒரு தடவை ஞாபகம் வந்தது, எழுந்து போக அலுப்பாக இருந்தது. விடிய விடிய அந்த போர்டு சும்மா இருந்தே பேட்டரியைக் குடித்தது.

காலை ஆறு மணிக்குச் சங்கரபாண்டி அண்ணாச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போயிருந்தது. அண்ணாச்சியைப் பின்சீட்டில் படுக்க வைத்து, பகவதி தலையை மடியில் வைத்துக்கொள்ள, முப்பிடாதி சாவியைத் திருப்பினான். டிக் என்றது. மறுபடி திருப்பினான். டிக். ஆறு பேர் சேர்ந்து வடக்குத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தள்ளினார்கள், அங்கிருந்து இந்தக் கோடிக்குத் தள்ளினார்கள், அரை மணி நேரம் கழித்து வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "ஒரு கால் மணி நேரம் முன்னால வந்திருந்தா" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

வடிவு வண்டிக்குள் போய் மஞ்சள் ஒயரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை. மத்தியானம் மரண அறிவிப்பு போக வேண்டும், சொல்கிறவரே செத்துவிட்டார், அண்ணனுக்கு வாய் வரவில்லை. வடிவுதான் மைக்கைப் பிடித்தாள். "வடக்குத் தெரு சங்கரபாண்டி அவர்கள், வயது ஐம்பத்திரண்டு, இன்று காலை மாரடைப்பால் காலமானார்கள்." ஏழு தெருவும் சொன்னாள். அவள் குரலுக்கு அடியில் இஞ்சின் சத்தம் கொசு மாதிரி ஞொய் என்று கூடவே வந்தது. வண்டியே அழுவதாகச் சனங்கள் சொன்னார்கள். பேட்டரி கிழடு என்றும் சொன்னார்கள். முப்பிடாதி ஒன்பதாம் நாள் பேட்டரியைக் கழற்றிப் பாழுங்கிணற்றில் போட்டுவிட்டு, சொந்தத் தகப்பனுக்குப் போல மொட்டை போட்டுக்கொண்டான்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த சாயந்தரம், போர்டைக் கழற்றி உடைத்துப்போடுவோம் என்று வடிவு காருக்குள் ஏறி உட்கார்ந்தாள். சீட்டுக்கு அடியில் நீல லைட் எரிந்தது. சாவி இல்லை, மஞ்சள் ஒயர் அவள் பையில் இருந்தது, பானெட்டைத் திறந்து பார்த்தால் பேட்டரி இருந்த இடத்தில் ஒரு ஓணான் உட்கார்ந்திருந்தது, இரண்டு கிளாம்பும் சும்மா தொங்கின. கிளாம்பில் வோல்ட் மீட்டரை வைத்தாள். பதிமூன்று புள்ளி எட்டு வோல்ட். அவள் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. மாட்டிக்கொண்டோம் என்றுதான் நினைத்தாள்.

முதலில் பார்த்தது ராசக்கனியக்கா. அவளும் ஆச்சரியப்படவில்லை. அது அக்கினி வெயில் காலம், ஊரில் நாளுக்கு ஆறு மணி நேரம் கரண்டு கிடையாது.

"எங்கிருந்துட்டி வருது?"

"தெரியலக்கா."

"சரி, எங்கேயிருந்தோ வந்துட்டுப் போட்டும். எங்க வீட்டு கிரைண்டருக்கு ஒரு ஒயரு போட்டுத் தா."

கோயில் வரி பிரிக்கிற கோமதிநாயகம் மாமா தன் வீட்டு இன்வெர்ட்டர் பெட்டியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வைத்தார், கிளாம்பை அதில் மாட்டினார்கள், கிரைண்டர் ஓடியது, அடுத்து ஃபேன் ஓடியது, அடுத்த வீட்டு ஃபேன் ஓடியது, குச்சி நட்டு ஒயர் இழுத்தார்கள், குச்சியில் துணி காயப்போட்டார்கள், ஒயரில் காக்கா உட்கார்ந்தது, ஒரு வாரத்தில் வடக்குத் தெருவில் அது பிறந்ததிலிருந்தே இருக்கிற சமாச்சாரம் மாதிரி ஆகிவிட்டது. கரண்டாபீஸ்காரர் ஒருத்தர் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார், குனிந்து அடியில் பார்த்தார், ஓணானைப் பார்த்தார். தன் நோட்டில் 'இணைப்பு இல்லை, மின்சாரம் உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, போனில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போனார்.

ஒரே ஒரு சங்கடம். வடிவு குளிக்கப் போனால் ஃபேன் நின்றது. திரும்பி வந்து காரில் உட்கார்ந்தால் ஓடியது. இரண்டு தடவை சோதித்துப் பார்த்தார்கள், அப்புறம் அதையும் வழக்கமாக்கிக்கொண்டார்கள். "குளிக்கதுன்னா பத்து மணிக்கு முன்னால குளிச்சிரு, மாவு பாதியில நிக்கும்," என்றாள் ராசக்கனியக்கா. ஒருத்தி இட்லி கொண்டுவந்தாள், ஒருத்தி தலை பின்னிவிட்டாள், சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் அவள் மடியில் கிடத்தி ஃபேனைப் பக்கத்தில் வைத்தார்கள். ராசியான பிள்ளை என்றார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் கேட்காத வார்த்தை, இப்போது நாள் முழுக்கக் கேட்டாள், கேட்கக் கேட்க மீட்டர் ஏறியது.

ஆமாம், ஏறியது. வடிவு அதைக் கண்டுபிடிக்க நாலு நாள் ஆகவில்லை. காமெடி வீடியோ பார்த்துச் சிரித்தால் முள் இறங்கி லைட்டெல்லாம் மஞ்சளாகும். "பாவம், பேட்டரி கெழடு, என்ன செய்ய" என்று யாராவது சொன்னால் ஏறும். தினமும் காலையில் மொட்டைத் தலையோடு முப்பிடாதி இரண்டு குடம் தண்ணீர் எடுத்துக்கொண்டு பகவதி வீட்டு வாசலில் வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல், குற்றவாளி மாதிரித் திரும்பி வருவான், அப்போது பதினாலரை காட்டும். கரண்டு அவள் விழுங்கிவைத்திருந்த ஒன்றிலிருந்து வந்துகொண்டிருந்தது. சொல்லிவிட்டால் நின்றுவிடும். சொல்லாவிட்டால் அண்ணன் ஆயுசு முழுக்கத் தண்ணீர் சுமப்பான். அவன் வண்டி ஓட்டுவதையே விட்டுவிட்டான். என் கையில் ஒரு உயிர் போயிருக்கு, இந்தக் கையால் இனி ஸ்டீரிங் பிடிக்க மாட்டேன் என்று செங்கல் சூளைக்குப் போனான்.

ஒரு நாள் பகவதியே வந்தாள். தூக்குச் சட்டியில் ரசம் சோறு.

"நாள் முழுக்க உக்காந்தே கெடக்க. வயிறு கட்டிக்கும். ஓமம் தட்டிப் போட்ருக்கேன், வாயுவுக்கு நல்லது." பின்சீட்டில், அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். "அவருக்கும் மொத நாளு சாயந்தரம் நெஞ்சு கரிக்குன்னாரு, இப்பிடித்தான்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். சட்டி மூடியை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"என்ன மயினி?"

"ஒண்ணுமில்ல. தின்னு."

வடிவு ஒரு வாய் வைத்தாள். மீட்டர் பதினெட்டைத் தாண்டியது. தெருவில் எட்டு பல்ப் பட் பட்டென்று வெடித்தன, ராசக்கனியக்கா வீட்டு கிரைண்டர் கல் துள்ளி வெளியே வந்தது. எல்லாம் தன்னால்தான் என்று வடிவு நினைத்தாள். அந்தச் சோற்றை முழுக்கத் தின்றாள். தின்னாமல் இருக்க எந்தக் காரணம் சொல்வது?

வைகாசி கடைசியில் உச்சிமாகாளி கோயில் கொடை, ஊர்த் திருவிழா. காரை இருபது பேர் தள்ளிக் கோயில் வாசலில் நிறுத்தினார்கள், வடிவு உள்ளேயே இருந்தாள், சாமியைத் தள்ளிக்கொண்டு போவது மாதிரிதான் இருந்தது. சீரியல் லைட், மைக்செட், வில்லுப்பாட்டு எல்லாம் அவள் கரண்டு. மதியக் கொடைக்கு மேளம் ஏறியது. வருஷா வருஷம் முதல் தீச்சட்டி முப்பிடாதிதான் எடுப்பான். கோமதிநாயகம் மாமா சட்டியை நீட்டினார்.

முப்பிடாதி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "வேண்டாம் மாமா. இது கொல பண்ணுன கை."

"வண்டி மக்கர் பண்ணுனதுக்கு நீ என்னலே செய்வ?"

"வண்டிய ஒழுங்கா வச்சிருந்தா மனுசன் இருந்திருப்பாரு. நாந்தானே வண்டிக்காரன்."

பெண்கள் வரிசையில் நின்ற பகவதி தலையைக் குனிந்துகொண்டாள். தோரணத்தில் இருந்த பல்ப் எல்லாம் வெள்ளை வெளேரென்று பழுத்தன, குழாய்க்குள் வில்லுப்பாட்டுக்காரியின் குரல் கிழிந்தது, சூட்டில் எங்கோ ஒயர் நாறியது. வடிவு தாங்க மாட்டாமல் டாஷ்போர்டில் கிடந்த கார் மைக்கை எடுத்தாள். அண்ணாச்சியின் விரல் பட்டுப் பட்டு வழுவழுத்துப் போன மைக்.

"மரண அறிவிப்பு. திருத்தம்."

மேளம் நின்றது.

"வடக்குத் தெரு சங்கரபாண்டி அவர்கள், வயது ஐம்பத்திரண்டு, மாரடைப்பால் காலமானதாகச் சொன்னேன். திருத்தம். ஆஸ்பத்திரிக்கு நேரத்தோட போயிருந்தா பொழச்சிருக்கலாம். வண்டி கெளம்பல. பேட்டரி கெழடு இல்ல." தோரணம் மஞ்சளானது. "அண்ணன் மேல தப்பு இல்ல. பாட்டுக் கேக்கதுக்காக நாந்தான் சாவி இல்லாம ஆம்ப்ளிய எழுப்பி வச்சேன். ராத்திரி நெனப்பு வந்துச்சு. அலுப்புல எந்திரிச்சுப் போகல." குழாய்ச் சத்தம் பாதியாக இறங்கியது, தோரணத்தில் சிவப்பு நூல் மாதிரி மட்டும் ஏதோ தெரிந்தது. "இவ்வளவு நாளும் ஒங்களுக்கு வந்த கரண்டு, இத நான் சொல்லாம இருந்ததுலதான் வந்துச்சு."

கடைசி வார்த்தைக்குக் குழாயில் சத்தமே இல்லை. அவள் வெறும் தொண்டைதான் பேசியது. அது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

கூட்டத்தில் யாரோ, "ஏட்டி, கொட முடிஞ்சு சொல்லியிருக்கப்படாதா?" என்றார். ராசக்கனியக்கா, "ரெண்டு படி அரிசி ஊறிக் கெடக்கு," என்று முனகிக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கே அசிங்கமாக இருந்தது போல.

முப்பிடாதி கையை ஓங்கிக்கொண்டுதான் வந்தான். காருக்குப் பக்கத்தில் வந்ததும் ஓங்கின கை அப்படியே கதவுப் பிடியில் விழுந்தது. அவன் அழுதான், வாயைத் திறந்துகொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி. அடித்திருக்கலாம். வடிவு கன்னத்தைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பகவதி வந்தாள். வடிவு பையிலிருந்து மஞ்சள் ஒயரை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். பகவதி அதை வெகுநேரம் பார்த்தாள். இவ்வளவுதானா என்பது மாதிரி பார்த்தாள்.

"எத்தன தெருவுல சொன்ன அன்னைக்கி?"

"ஏழு, மயினி."

"இன்னைக்கி?"

"ஒண்ணு."

"அப்போ பாதியில நிக்குதா? அவரு ஒத்துக்கிடுவாரா?"

முப்பிடாதி மூக்கைத் துடைத்துக்கொண்டு ஸ்டீரிங்கில் போய் உட்கார்ந்தான். ஐம்பது நாளுக்கு மேலாகிவிட்டது அவன் அதைத் தொட்டு. வண்டியை முதல் தெரு முதல் முக்குக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள், தீச்சட்டிக்குக் காத்திருந்தவர்களும் மேளக்காரர்களும் வில்லுப்பாட்டுக்காரியும் கூடத் தள்ளினார்கள், யாருக்கும் ஏன் தள்ளுகிறோம் என்று கேட்கத் தோன்றவில்லை. வடிவு திறந்த கதவோடு கூட நடந்து, ஒவ்வொரு முக்கிலும் வெறும் தொண்டையில் கத்தினாள். திருத்தம், திருத்தம். வீட்டுக்குள்ளிருந்து கேட்டவர்கள் வெளியே வந்தார்கள். ஒரு கிழவர் காறித் துப்பினார். ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். இரண்டையும் வாங்கிக்கொண்டு நடந்தாள்.

மூன்றாவது தெருவில் ஒரு மேடு. பின்னால் தள்ளிக்கொண்டிருந்த பகவதி முன்னால் வந்து, வடிவுக்குப் பக்கத்தில், கதவுச் சட்டத்தைப் பிடித்துத் தோளைக் கொடுத்தாள்.

சீட்டுக்கு அடியில் நீல லைட் எரிந்தது.

வடிவு பார்த்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டோமே, இன்னும் எது பாக்கி என்று தனக்குள்ளே தேடினாள். ஒன்றும் இல்லை, துடைத்துவைத்த பானை மாதிரி இருந்தது. நிமிர்ந்தாள். பகவதியும் அந்த நீலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு. ஓமம் போட்ட ரசமும், மூடித் திறந்த தூக்குச் சட்டியும், மொத நாளு சாயந்தரம் என்று ஆரம்பித்துப் பாதியில் நின்ற பேச்சும் வடிவுக்கு ஞாபகம் வந்தன.

வடிவு கழுத்திலிருந்த துப்பட்டாவை உருவி, சுருட்டி, யாரும் பார்க்கும் முன்னால் அந்த லைட் மேல் போட்டு மூடினாள். துணிக்குள்ளிருந்தும் கொஞ்சம் நீலம் கசிந்தது.

மேட்டில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் ஆட்கள் மூச்சு வாங்கினார்கள்.

"தொண்ட கட்டிப் போச்சு ஒனக்கு," என்றாள் பகவதி.

"நாலு தெருவுதான் மயினி பாக்கி. போயிரலாம்."

பகவதி முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டாள். மஞ்சள் ஒயர் இன்னும் அவள் கைக்குள்தான் இருந்தது. "தள்ளு," என்றாள். "மத்தத போகப் போக நான் சொல்லுதேன்."